ஓப்பன் ரேடியோஸ்: உருக்கு எங்கே கிழியும் என்று கேட்கும் மலையகப் பட்டறைக்கு ஒரு மதிப்பீடு

மோதும்போதும் நசுங்கும்போதும் இழுபடும்போதும் உலோகம் எப்படி உருமாறிக் கடைசியில் கிழிகிறது என்பதைக் கணினியில் படிப்படியாகக் கணித்துக் காட்டும் மென்பொருள்தான் ஓப்பன் ரேடியோஸ். பிரான்சின் மெக்கலோக் நிறுவனம் 1980களில் உருவாக்கிய ரேடியோஸ், பின்னர் அமெரிக்காவின் அல்டெயர் நிறுவனத்தின் உடைமையாகி, கார்களின் மோதல் கணிப்பில் நெடுங்காலம் பயன்பட்டு வந்தது. 2022 செப்டெம்பரில் அல்டெயர் அதன் மூல நிரலைத் திறந்து, எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று வெளியிட்டது. அதே ஆண்டில் இலங்கையில் ஒரு டொலரின் விலை சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். வருடந்தோறும் டொலரில் உரிமக் கட்டணம் கேட்கும் பொறியியல் மென்பொருள்களை மலையகத்துச் சிறு பட்டறை ஒன்று அதற்கு முன்னரும் வாங்கியதில்லை. அதற்குப் பின்னர் அவற்றின் விலையைக் கேட்பதையும் விட்டுவிட்டது. ஆகவே இலவசம் என்ற ஒரு காரணத்துக்காகவே இதைத் தொட்டுப் பார்த்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் கொழுந்து ஏற்றும் லொறிகளுக்கும் உதிரிப்பாகம் செய்து கொடுப்பதும் உடைந்ததைத் திருத்திக் கொடுப்பதும்தான் எமது பட்டறையின் வேலை. தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் தோட்டப் பாதைகளில் லொறிகள் சேற்றில் புதைவதும், இன்னொரு லொறியையோ டிராக்டரையோ கட்டி அவற்றை இழுப்பதும் வழமை. அப்படி இழுக்கும்போது கிழிந்துபோன இழுவைத் தகடுகள் பட்டறைக்கு வந்துகொண்டே இருக்கும். 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள சாதாரண உருக்குத் தகடு, கொளுவி ஊசி நுழைவதற்கு 26 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓட்டை, ஓட்டையின் மையத்திலிருந்து விளிம்புக்கு 30 மில்லிமீற்றர்: எம்மிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை இந்த அளவில்தான் இருந்தன. எல்லாம் ஒரே விதமாகவே கிழிந்திருந்தன. ஊசி, தனக்கு முன்னால் இருந்த உலோகத்தை ஒரு நாக்குப் போல வெளியே தள்ளியிருந்தது. அந்த நாக்கின் இரு பக்கமும் வெட்டுக்கோடுகள் தெரிந்தன. இந்தக் கிழிவைக் கணினியில் சரியாக வரவழைக்க முடியுமா, முடிந்தால் தகட்டின் வடிவத்தை மாற்றுவதற்கு அதை நம்பலாமா என்பதே நான் இந்த மென்பொருளிடம் கேட்ட கேள்வி.

மென்பொருளைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் தவறவிட்டால் பின்னர் செய்யும் கணிப்பு எல்லாம் வீண். உடைந்த முகத்தைக் கழுவி, நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். தேயிலை உருட்டும் இயந்திரத்தின் தண்டு உடைந்து வந்தால், அதன் முகத்தில் ஒரு மூலையிலிருந்து வளைவு வளைவாகப் பரவிச் செல்லும் கோடுகள் அநேகமாக இருக்கும். அது இலட்சக்கணக்கான சுழற்சிகளில் மெல்ல வளர்ந்த களைப்பு வெடிப்பு. அதற்கும் இந்த மதிப்பீட்டில் பேசப்படும் கணிப்புக்கும் சம்பந்தமில்லை. நீண்டு கொடுக்கும் உலோகம் ஒரே இழுவையில் கிழிந்திருந்தால் விளிம்பில் கழுத்துப் போன்ற ஒடுக்கமும், மங்கிய சாம்பல் நிறமும், நார் நாரான தோற்றமும் இருக்கும். எமது தகடுகள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. சந்தேகமிருந்தால் கணினியை மூடி வைத்துவிட்டு, தெரிந்த ஒருவரிடம் துண்டைக் காட்டுவதே நல்லது.

இறக்குவதும் நிறுவுவதும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூல நிரல்களைப் பகிரும் கிட்ஹப் இணையத் தளத்திலிருந்து விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ உரிய பொதியை இறக்கி விரித்து, சில சூழல் மாறிகளை அமைத்தால் வேலை முடிந்தது. ஓட்டம் இரண்டு கட்டமாக நடக்கும்: ‘ஸ்டார்ட்டர்’ என்னும் முதல் நிரல் மாதிரியைப் படித்துச் சரிபார்க்கும், ‘என்ஜின்’ என்னும் இரண்டாவது நிரல் கணிப்பை நடத்தும். உள்ளீடு முழுவதும் வெற்று எழுத்துக் கோப்பு; 0000 என்று முடிவது முன்னதற்கு, 0001 என்று முடிவது பின்னதற்கு. இதே வகைக் கணிப்பைச் செய்யும் எல்எஸ்-டைனா மென்பொருளின் கோப்பு முறையையும் இது வாசிக்கும் என்பது, பல்கலைக்கழகத்தில் அதைப் பழகியவர்களுக்கு நல்ல செய்தி.

வடிவத்தை வரைந்து வலையாகப் பிரிப்பதற்கான கருவி எதுவும் பொதிக்குள் கிடையாது. அதற்கு வேறொரு இலவச மென்பொருளில் வலையைச் செய்து, மாற்றிக் கொண்டுவர வேண்டும். முடிவுகளைப் பார்ப்பதற்கும் அப்படித்தான்: உடன் வரும் மாற்றி நிரலால் அசைவுப் படக் கோப்புகளை மாற்றி, பராவியூ என்னும் இலவசக் காட்சி மென்பொருளில் திறக்க வேண்டும். எழுத்துக் கோப்பைக் கையால் திருத்தக் கூசாதவருக்கு இது சுமையாகத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே திரையில் சொடுக்கிச் செய்து பழகியவர் முதல் வாரத்திலேயே சலித்துக்கொள்வார். அலகுகளைப் பற்றி மென்பொருள் கவலைப்படாது. ஒன்றோடொன்று பொருந்தும் அலகுகளைத் தருவது உங்கள் பொறுப்பு. நான் தொன், மில்லிமீற்றர், செக்கன் என்ற வகையைப் பயன்படுத்துகிறேன். அதில் உருக்கின் விறைப்பைக் குறிக்கும் யங்கின் மட்டு 210000, விசை நியூட்டனில், தகைப்பு (ஓரலகுப் பரப்பில் விழும் விசை) மெகாபஸ்காலில் வரும், ஆனால் அடர்த்தியை 7.85 என்று எழுதிப் பத்தின் மறை ஒன்பதாம் அடுக்கால் பெருக்க வேண்டும். இந்த ஒன்பதை ஆறு என்று எழுதிவிட்டால் தகடு ஆயிரம் மடங்கு கனத்துவிடும். மென்பொருளோ ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இனி உண்மையான விடயத்துக்கு வருவோம். உருக்குக்குள் மங்கனீசு சல்பைட்டு போன்ற நுண்ணிய கலப்புத் துணிக்கைகள் எப்போதும் இருக்கும். உலோகம் இழுபட்டு மீளா விகாரம் (விசையை எடுத்தாலும் திரும்பாத உருமாற்றம்) கூடும்போது இந்தத் துணிக்கைகளைச் சுற்றி நுண்குழிகள் பிறக்கின்றன, வளர்கின்றன, பக்கத்துக் குழியுடன் இணைகின்றன; அந்த இணைவே கண்ணுக்குத் தெரியும் வெடிப்பு. குழி எவ்வளவு வேகமாக வளரும் என்பது, உலோகம் எவ்வளவு இழுபட்டது என்பதோடு, எல்லாத் திசைகளிலும் எவ்வளவு இழுபடுகிறது என்பதையும் பொறுத்தது. மூன்று திசைகளின் சராசரித் தகைப்பை, உருவத்தைத் திரிக்கும் தகைப்புகளை ஒரே எண்ணாக்கிய சமானத் தகைப்பால் வகுத்து வரும் எண்ணை மூவச்சு விகிதம் என்று அழைப்போம். ஒரு திசையில் மட்டும் இழுக்கப்படும் கம்பியில் இது 1/3. தூய வெட்டில், அதாவது உலோகத்தின் இரு பக்கமும் எதிரெதிராக வழுக்கும்போது, 0. ஒரு திசையில் நசுக்கினால் மறை 1/3. இரு திசைகளிலும் சமமாக இழுபடும் தகட்டில் 2/3. மெக்கிளின்டொக் 1968இலும், ரைஸும் டிரேசியும் 1969இலும் தந்த ஆய்வுகளே இதன் அடிப்படை. ரைஸ், டிரேசி இருவரின் விடைப்படி, குழியின் வளர்ச்சி வீதம் இந்த விகிதத்தின் ஒன்றரை மடங்கை அடுக்காகக் கொண்ட அடுக்குக்குறிச் சார்பாக ஏறுகிறது. அதாவது விகிதம் சிறிது கூடினாலும் ஆயுள் வெகுவாகக் குறையும்.

கம்பியின் நடுவில் வளைவான பள்ளம் ஒன்றைக் கடைந்தால் இந்த விகிதம் ஏறும் என்பதைப் பிரிஜ்மனின் சூத்திரம் சொல்கிறது: ஒடுங்கிய இடத்தின் ஆரையைப் பள்ளத்தின் வளைவு ஆரையின் இரு மடங்கால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, இயற்கை மடக்கை எடுத்து, 1/3ஐச் சேர்க்க வேண்டும். 6 மில்லிமீற்றர் விட்டத்துக்கு ஒடுங்கும் கம்பியில் பள்ளத்தின் வளைவு ஆரை 6 மில்லிமீற்றரானால் மையத்தில் 0.56 வருகிறது, வளைவு ஆரை 2 மில்லிமீற்றரானால் 0.89 வருகிறது. கடைசல் இயந்திரம் உள்ள எந்தப் பட்டறையும் செய்யக்கூடிய சோதனைத் துண்டுகள் இவை. 12 மில்லிமீற்றர் தகட்டிலிருந்து கீற்று வெட்டியே இவற்றைக் கடையலாம். நாமும் அப்படித்தான் செய்தோம். தகடு விற்ற கடையில் கொடுத்த பற்றுச்சீட்டில் ‘எம்எஸ் தகடு’ என்பதற்கு மேல் எந்தத் தரக் குறிப்பும் இல்லாதபடியால், கிழிந்த அதே தகட்டின் மீதியிலிருந்து துண்டு எடுப்பதைத் தவிர வேறு வழியும் இருக்கவில்லை.

மென்பொருளுக்குள் முறிவு விதிகள் நிறையவே இருக்கின்றன. முதலில் எவரும் போய் நிற்பது ஜோன்சன்-குக் விதியில்தான். 1985இல் வந்த இந்த விதி, முறிவு விகாரத்தை மூவச்சு விகிதம், விகார வீதம் (விகாரம் ஏறும் வேகம்), வெப்பநிலை ஆகிய மூன்றின் பெருக்கமாக ஐந்து எண்களில் அடக்கிவிடுகிறது. 4340 என்னும் வகை உருக்குக்கு ஜோன்சனும் குக்கும் தந்த முதல் மூன்று எண்கள் 0.05, 3.44, மறை 2.12. வீதத்தையும் வெப்பத்தையும் ஒதுக்கிவிட்டு இவற்றைப் போட்டுப் பார்த்தால், சாதாரண இழுவையில் முறிவு விகாரம் ஏறத்தாழ 1.75 என்றும், எமது கூர்மையான பள்ளத்துக்குரிய 0.89இல் 0.57 என்றும் வரும். பள்ளம் போட்ட கம்பி சட்டென்று போய்விடுவதை அன்றாடம் பார்க்கும் எவருக்கும் இது பொருத்தமாகவே படும். ஆனால் அதே சூத்திரத்தில் தூய வெட்டுக்குரிய பூச்சியத்தைப் போட்டால் 3.49 வருகிறது. அதாவது இழுவையில் தாங்குவதைப் போல இரண்டு மடங்கு விகாரத்தை வெட்டில் தாங்குமாம். இந்த விதியின் வளைகோடு ஒரே திசையில் மட்டுமே இறங்குமாறு அமைக்கப்பட்டதால் வந்த விளைவு இது. உலோகங்கள் எல்லாம் அப்படி நடப்பதில்லை. 2024-டி351 என்னும் வகை அலுமினியத்தில் பாவோவும் வியெர்ஸ்பிக்கியும் 2004இல் வெளியிட்ட சோதனைகள், வெட்டுப் பகுதியில் முறிவு விகாரம் இழுவைப் பகுதியைவிடக் குறைந்திருப்பதைக் காட்டின.

எமது இழுவைத் தகட்டுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ஊசிக்கு முன்னால் உள்ள உலோகம் நசுங்குகிறது, அதன் இரு பக்கமும் வெட்டுப்படுகின்றன, விளிம்பு இழுபடுகிறது. மறை 1/3 முதல் 1/3 வரையுள்ள அத்தனை நிலைகளும் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குள் வந்துவிடுகின்றன. இழுவைத் துண்டுகளை மட்டும் வைத்துப் பொருத்திய ஜோன்சன்-குக் விதியுடன் ஓட்டியபோது, ஊசி தகட்டுக்குள் பிசைந்துகொண்டே போயிற்று; ஓட்டை நீள்வட்டமாகி, விளிம்பு வயிறு தள்ளியதைப் போல வெளியே புடைத்து, கடைசியில் விளிம்பின் நடுவில் ஒரு வெடிப்பு விழுந்தது. மூலையில் கிடக்கும் உண்மையான தகடுகளில் ஒன்றுகூட அப்படிக் கிழியவில்லை.

இங்கேதான் இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. ‘பைக்வாட்’ என்று பெயரிடப்பட்ட முறிவு விதி, இரண்டு பரவளைவுகளைச் சேர்த்து ஒரு வளைகோட்டை அமைக்கிறது. அதற்குக் கொடுக்க வேண்டியவை ஐந்து முறிவு விகாரங்கள்: ஒருதிசை நசுக்கல், தூய வெட்டு, ஒருதிசை இழுவை, தள விகார இழுவை (பக்கவாட்டில் ஒடுங்க விடாத இழுவை), இருதிசை இழுவை. எண்களுக்குப் பின்னால் உள்ள பொருள் கைக்குத் தெரிகிறது என்பதே இதன் சிறப்பு. ஜோன்சன்-குக் விதியின் இரண்டாவது எண்ணைப் பார்த்து எந்தக் கடைசல்காரரும் எதுவும் சொல்ல முடியாது, ஆனால் ‘வெட்டில் இவ்வளவு, இழுவையில் இவ்வளவு’ என்றால் அவர் துண்டைப் பார்த்துத் தலையாட்டுவார், அல்லது இல்லை என்பார். ஐந்து சோதனைக்கும் வசதியில்லாதவருக்காக, மென்மையான உருக்கு, வலுவூட்டிய உருக்கு, சில அலுமினிய வகைகள் என்று முன்னமைவுகள் உள்ளன. வகையைத் தெரிந்து, இழுவை எண்ணை மட்டும் மாற்றினால் மற்ற நான்கும் விகிதப்படி மாறும். இது அவசரத்துக்கு உதவும். ஆனாலும் வெட்டு எண்ணை ஊகிக்க விடாதீர்கள் என்பதே என் கருத்து. பக்கவாட்டில் இரு பிளவு வெட்டி, நடுவில் ஒரு சிறு பாலத்தை விட்டுச் செய்யும் தட்டையான வெட்டுத் துண்டு ஒன்றை இழுத்துப் பார்ப்பது, மேலும் மூன்று இழுவைத் துண்டுகளை இழுப்பதைவிடப் பெறுமதியானது. அந்த எண்ணைச் சேர்த்ததும், தகட்டில் ஊசியின் இரு தோள்களிலிருந்தும் இரண்டு கோடுகள் விளிம்பை நோக்கி ஓடின. நாக்கு வெளியே வந்தது.

கழுத்து விழுந்த பின்னர் வரும் தகைப்பு-விகார வளைகோட்டையும் கவனிக்க வேண்டும். இழுவைப் பொறி தரும் விசையையும் நீட்சியையும் உண்மைத் தகைப்பாகவும் உண்மை விகாரமாகவும் மாற்றும் எளிய சூத்திரம், கழுத்து விழும் கணம் வரைதான் செல்லும். சாதாரண உருக்கில் அது பெரும்பாலும் 0.2 விகாரத்தை ஒட்டி வந்துவிடும். முறிவோ அதைவிட வெகு தூரத்தில் இருக்கிறது. இடையிலுள்ள பகுதியை ஊகித்து நீட்டி, அதே இழுவைத் துண்டைக் கணினியில் இழுத்து, விசை வளைகோடு சோதனையுடன் ஒத்து வரும் வரை திருத்த வேண்டும். அட்டவணையாக வளைகோட்டை ஏற்கும் ‘36ஆம் விதி’ இதற்குத் தோதானது. சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைத் தாண்டிச் செல்லக் குறுக்குவழி கிடையாது.

வலையின் அளவு பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். இந்த வகைக் கணிப்பில், மூலகம் எனப்படும் வலையின் சிறு துண்டு ஒன்றின் விகாரம் எல்லையைத் தாண்டியதும் மென்பொருள் அதை அழித்துவிடுகிறது. அழிந்த மூலகங்களின் வரிசையே வெடிப்பு. வெட்டுக்கோடு போன்ற ஒடுங்கிய பட்டையில் விகாரம் பெரும்பாலும் ஒரு மூலகத்தின் அகலத்துக்குள் குவிந்துவிடும். மூலகத்தைப் பாதியாக்கினால் விகாரம் இன்னும் சிறிய இடத்தில் குவியும், வெடிப்பு இன்னும் முன்னதாக வரும். ஆகவே 1 மில்லிமீற்றர் வலையில் பொருத்திய ஐந்து எண்களை அரை மில்லிமீற்றர் வலைக்குக் கொண்டுபோனால் அவை வேறு உலோகத்தின் எண்களாகிவிடும். கட்டுரைகளில் இருந்து எடுத்த முறிவு எண்களைத் தம் வலையில் அப்படியே போட்டுவிட்டு வண்ணப் படம் காட்டுவோரை நம்பாதிருப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும். துண்டைப் பொருத்திய அதே மூலக அளவைத் தகட்டின் கிழியும் பகுதியிலும் வைத்திருப்பதே எளிய தீர்வு. ஒரு புள்ளியின் விகாரத்தை, குறித்த நீளத்துக்குள் உள்ள அயற் புள்ளிகளோடு சேர்த்துச் சமன் செய்யும் ‘நொன்லோக்கல்’ முறையும் மென்பொருளில் உண்டு. அதற்கு அந்த நீளத்தைத் தெரிவு செய்ய வேண்டும், அந்தத் தெரிவுக்கும் சோதனைத் துண்டுதான் சாட்சி.

நேரச் செலவுக்கு வருவோம். இது வெளிப்படை முறையில் கணிக்கும் மென்பொருள். ஒவ்வொரு படியின் நேரமும், மிகச் சிறிய மூலகத்தை ஒலி கடக்கும் நேரத்தை மிஞ்சக்கூடாது. உருக்கில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 5 கிலோமீற்றர். 1 மில்லிமீற்றர் மூலகத்துக்குப் படி நேரம் 0.2 மைக்கிரோசெக்கன். லொறி இழுபடும் ஒரு செக்கனை உள்ளபடி கணிக்க 50 இலட்சம் படிகள் வேண்டும். மூலகத்தைப் பாதியாக்கினால் முப்பரிமாண வலையில் மூலகங்கள் எட்டு மடங்காகும், படிகள் இரு மடங்காகும். செலவு பதினாறு மடங்கு. இதனால் எல்லோரும் இழுவையைச் சில மில்லிசெக்கன்களுக்குள் முடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யும்போது விகார வீதத்தின் விளைவை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கணினிக்குள் மட்டும் இருக்கும் வேகத்தால் உருக்கு இல்லாத வலிமையைப் பெற்றுவிடும். இயக்கச் சக்தி, உள்ளகச் சக்தியில் ஐந்து சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கிறதா என்பதையும் நேர வரலாற்றுக் கோப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலையகத்தில் இன்னொரு செலவும் உண்டு: காற்றும் மழையும் கூடிய நாட்களில் மரம் விழுந்து மின் கம்பி அறுந்தால், இரவு முழுவதும் ஓடிய கணிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும். என்ஜின் கோப்பில் ‘ஆர்ஃபைல்’ என்னும் கட்டளை ஒன்று இருக்கிறது. குறித்த சுழற்சி எண்ணிக்கைக்கு ஒருமுறை மீள்தொடக்கக் கோப்பை அது எழுதி வைக்கும். மின்சாரம் வந்ததும் கடைசிக் கோப்பிலிருந்து தொடரலாம். கொழும்பில் குளிரூட்டிய அறைக்குள் வேலை செய்பவருக்கு இது ஒரு வரியாக மட்டும் தெரியலாம். எமக்கு இந்த மென்பொருளை வைத்துக்கொள்வதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. குளிர்ந்த காற்றில் மடிக்கணினி சூடேறாமல் இரவெல்லாம் முழு வேகத்தில் ஓடும் என்பது இந்த மலைகள் செய்யும் சிறு கைம்மாறு.

குழிகளை நேரடியாகவே கணக்கில் எடுக்கும் கேர்சன் விதியும் இருக்கிறது. 1977இல் கேர்சன் தந்து, பின்னர் டிவர்கார்டும் நீடில்மனும் திருத்திய இந்த விதியில் குழிகளின் பங்கு கூடக் கூட உலோகம் தானே தளர்கிறது, அழகான கோட்பாடு. ஆனால் எண்களின் பட்டியல் நீளம், ஒரே இழுவை வளைகோட்டை வெவ்வேறு எண் தொகுதிகளாலும் வரவழைக்கலாம், தூய வெட்டிலோ குழி வளர்வதில்லை என்பதால் மூல வடிவம் எமது தகட்டுக்குப் பொருந்தாது. தடித்த துண்டின் மையத்தில் கிண்ணமும் கூம்புமாக முறிவதைப் புரிந்துகொள்ள விரும்பும் மாணவர் இதை ஓட்டிப் பார்க்கட்டும். பட்டறைக்கு இது வேண்டியதில்லை.

தகட்டின் முடிவைச் சொல்கிறேன். பழைய அளவில் ஊசிக்கும் விளிம்புக்கும் இடையே எஞ்சியிருந்தது 17 மில்லிமீற்றர். இரு வெட்டு முகங்களும் சேர்ந்து 408 சதுர மில்லிமீற்றர். சாதாரண உருக்கின் வெட்டு வலிமையை ஏறத்தாழ 245 மெகாபஸ்கால் என்று கொண்டால் 100 கிலோநியூட்டனில், அதாவது ஏறக்குறைய 10 தொன் விசையில் கிழிய வேண்டும். சேற்றில் புதைந்த லொறியை வெடுக்கென்று இழுக்கும்போது இந்த விசை வருவது ஆச்சரியமல்ல. ஓட்டையின் மையத்தை விளிம்பிலிருந்து 45 மில்லிமீற்றருக்குத் தள்ளினால் இதே கைக்கணக்கு 188 கிலோநியூட்டன் தருகிறது. கணினிக் கணிப்பும் இந்த வரிசையையே காட்டியது. பட்டறையில் என்னைவிட மூத்தவர் ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, “ஓட்டையை உள்ளே தள்ளிப் போடச் சொல்லி நான் எப்பவோ சொன்னேனே தம்பி, இதுக்கு இவ்வளவு நேரமா?” என்று கேட்டார். “சரிதான் அண்ணே, ஆனா எவ்வளவு தள்ளணும்னு நீங்க சொல்லலையே” என்றேன். போல்ட் இணைப்புகளுக்கு, உருக்குக் கட்டுமானத்துக்கான ஐரோப்பிய விதித்தொகுதியான யூரோகோட் 3 விதிக்கும் குறைந்தபட்ச விளிம்புத் தூரமே ஓட்டை விட்டத்தின் 1.2 மடங்கு, எமது பழைய தகட்டில் அது 1.15 மடங்குதான்.

அப்படியானால் கணினி கூடுதலாக என்ன தந்தது என்று கேட்பது நியாயம். கைக்கணக்கு முறியும் விசையைச் சொன்னது. தகடு முறிவதற்கு முன் ஓட்டை எவ்வளவு நீள்கிறது, எந்தக் கட்டத்தில் ஊசி இறுகிக் கழற்ற முடியாமல் போகிறது, விளிம்பை வட்டமாக அறுப்பதா சதுரமாக விடுவதா, ஓட்டையைச் சுற்றி வளையம் ஒன்றை வெல்டிங் செய்து தடிப்பாக்கினால் கிழிவு எங்கே இடம்பெயர்கிறது என்பவற்றைக் கணிப்பே காட்டியது. கடைசிக் கேள்விக்கான விடை எதிர்பாராதது: வளையம் சேர்த்ததும் கிழிவு ஓட்டையை விட்டு, வளையத்தின் வெளிவிளிம்பில் வெல்டிங் முடியும் இடத்துக்குப் போனது. வெல்டிங்கின் வெப்பம் பட்ட உருக்கின் முறிவு எண்கள் வேறு என்பதால் அந்தப் படத்தை நான் அளவாகக் கொள்ளவில்லை. வளையத்தைக் கைவிட மட்டும் அது போதுமாக இருந்தது. இரண்டு வடிவங்களில் எது மேல் என்று கேட்டால் ஓப்பன் ரேடியோஸ் நம்பத்தக்க விடை தருகிறது. எத்தனை கிலோநியூட்டனில் கிழியும் என்று கேட்டால், சோதனைத் துண்டுகள் எவ்வளவு தூரம் தாங்குகின்றனவோ அவ்வளவு தூரம்தான் அதுவும் தாங்கும்.

இந்தக் குறை இந்த மென்பொருளுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுகூடங்கள் 2012, 2014, 2017 ஆகிய ஆண்டுகளில் நீண்டு கொடுக்கும் உலோகங்களின் முறிவைப் பற்றிப் போட்டி போன்ற ஒரு முயற்சியை நடத்தின. பங்குபற்றிய ஆய்வுக் குழுக்களுக்கு உலோகத்தின் சோதனைத் தரவும் துண்டின் வடிவமும் கொடுக்கப்பட்டன. பரிசோதனை முடிவைக் காணாமலே முறிவை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். விலையுயர்ந்த மென்பொருள்களும் தேர்ந்த ஆய்வாளர்களும் இருந்தும் விடைகள் பரவலாகவே சிதறின. ஒரு மடிக்கணினியும் இலவச மென்பொருளும் கொண்ட பட்டறை அதைவிடத் துல்லியமாகச் சொல்லிவிடும் என்று வாடிக்கையாளரிடம் கூறுவது சரியாகாது.

ஆவணங்களைப் பற்றி ஒரு குறிப்பு. ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய விரிவான கையேடு ஆங்கிலத்தில் இணையத்தில் கிடைக்கிறது; சூத்திரங்களும் மாதிரிகளும் தெளிவாக உள்ளன. தமிழில் இதைக் கற்பிக்க எதுவும் என் கண்ணில் படவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வரும் எமது பிள்ளைகளுக்குத் தகைப்பும் விகாரமும் தமிழில் நன்றாகத் தெரியும்; கோப்பின் முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள் ஆங்கிலம் அவர்களை மறித்துவிடுகிறது. புதிதாகத் தொடங்குவோர் தகட்டில் கை வைக்காமல், வழவழப்பான இழுவைத் துண்டு ஒன்றை முதலில் இழுத்து, கழுத்து விழும் இடத்தில் விசை வளைகோடு இறங்குவதைக் கண்டுவிட்டு, அதன்பின் பள்ளமிட்ட துண்டுக்கும் வெட்டுத் துண்டுக்கும் போவது நல்லது.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? சொந்தமாக ஒரு கடைசல் இயந்திரமும், துண்டுகளை இழுத்துத் தரும் சோதனைக்கூடம் ஒன்றின் தொடர்பும், எழுத்துக் கோப்புடன் மல்லுக்கட்டும் பொறுமையும் உள்ள பட்டறைக்கும், மோதலோ கிழிதலோ தொடர்பான ஆய்வு செய்யும் மாணவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். சோதனைத் துண்டு எதுவும் இழுக்கப் போவதில்லை என்பவர் கைக்கணக்கோடு நிறுத்திக்கொள்வதே உத்தமம். தொழிற்சாலையில் தேயிலை மூட்டை தூக்கும் பளுதூக்கியின் கொக்கியையோ சங்கிலியையோ இதைக் கொண்டு சான்றுபடுத்தலாமா என்று என்னிடம் கேட்ட தொழிற்சாலை அலுவலர்களுக்கு நான் சொன்ன பதில் ஒன்றுதான்: 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தூக்கும் உபகரணங்களுக்குக் குறித்த காலப் பரிசோதனையைக் கேட்கிறது. அதற்குச் சுமை ஏற்றிப் பார்க்கும் தகுதிபெற்ற அலுவலரை அழையுங்கள். கொக்கியின் புது வடிவத்தை வரையும் முன் வேண்டுமானால் என்னிடம் வாருங்கள்.